பன்னிரண்டு மணி நாலு நிமிடம்

பொத்தானை அழுத்திவிட்டுத்தான் ஜெயஷீலா டீயைக் கையில் எடுப்பாள். அது அவள் வழக்கம். திரையில் பச்சைக் கோடு இடமிருந்து வலமாக ஓடி நூறைத் தொடுவதற்குள் அரை டம்ளர் காலியாகிவிடும். அன்று கோடு தொண்ணூற்றெட்டில் போய் நின்றது. டம்ளர் முழுக்கக் காலியான பிறகும் அங்கேயே நின்றது.

புதன்கிழமை. மணி பதினொன்று ஆறு.

"கழிஞ்சா மோளே, முடிஞ்சுதா?" என்றார் பக்கத்து மேஜையில் இருந்த சுவாமிதாஸ். அவள் வேலைக்கு வந்திருந்த மிஷன் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பிரிவுக்கு அவர்தான் தலைவர். டைப்பிஸ்டாகச் சேர்ந்து முப்பது வருஷத்தில் அந்த நாற்காலிக்கு வந்தவர்.

"இல்ல சார். நிக்குது."

"மலையில்லா? கொஞ்சம் மெதுவாத்தான் போகும். அதுக்கும் மூச்சு வாங்கும், கேட்டியா."

ஜெயஷீலா சிரிக்கவில்லை. மலை மேல் இருக்கும் பெட்டிக்கு ஒரு குரல் கொடுத்துப் பார்த்தாள். 'இருக்கிறாயா' என்று கேட்டால் 'இருக்கிறேன்' என்று அது நொடிக்கு ஒரு முறை பதில் சொல்ல வேண்டும். பதில் இல்லை. மறுபடியும் கேட்டாள். பதில் இல்லை.

ஜெயஷீலா ஆஸ்பத்திரி ஊழியர் அல்ல. தம்பானூரில் லாட்ஜுகளுக்கு நடுவே ஒரு மாடியில் இயங்கும் சின்னக் கம்பெனியில் நெட்வொர்க் என்ஜினீயர். கடைகள், வங்கிகள், ஆஸ்பத்திரிகள் ஆகியவற்றின் இன்டர்நெட் காவல் பெட்டிகளைப் பார்த்துக்கொள்வது அவர்கள் வேலை. இந்த ஆஸ்பத்திரிக்கு போனக்காடு தேயிலைத் தோட்டத்தில் ஒரு கிளினிக் உண்டு. ஒரு அறை, ஒரு கட்டில், மருந்து வைக்க ஒரு ஃபிரிட்ஜ், ஒரு நர்ஸ், ஒரு ஜீப். டாக்டர் கிடையாது. செவ்வாயும் வெள்ளியும் டாக்டர் இங்கே நகரத்தில் உட்கார்ந்து திரையில் நோயாளிகளைப் பார்ப்பார். அங்கே மொபைல் சிக்னல் கிடையாது. போன் பேச வேண்டுமானால் இரண்டு கிலோமீட்டர் கீழே ஒரு வளைவு வரைக்கும் நடக்க வேண்டும். காட்டு வழியாகக் கம்பம் கம்பமாக ஏறிப் போகும் ஒரே ஒரு கேபிள்தான் அந்தக் கிளினிக்குக்கும் உலகத்துக்கும் உள்ள தொடர்பு.

அந்தக் கேபிள் போய்ச் சேரும் இடத்தில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி. எது உள்ளே வரலாம், எது வரக் கூடாது, எது எந்த வழியாகப் போக வேண்டும் என்பதை அதுதான் முடிவு செய்யும். வழி சொல்லும் அந்தப் பகுதிக்கு ரவுட்டர் என்று பெயர். இன்றைக்கு ஜெயஷீலாவின் வேலை, ஒரே பெட்டிக்குள் இரண்டாவதாக ஒரு ரவுட்டரை உண்டாக்குவது. கண்ணால் பார்க்க முடியாத, எழுத்தாலேயே கட்டுகிற ரவுட்டர். வெர்ச்சுவல் ரவுட்டர் என்பார்கள். ஒரே வீட்டைத் தடுத்து இரண்டு குடித்தனம் வைப்பது மாதிரிதான். ஒருவர் அடுப்படி மற்றவருக்குத் தெரியாது.

இதைக் கேட்டு வாங்கியவளே ஜெயஷீலாதான். சாயங்காலமானால் தோட்டத்து ஜனங்கள் கிளினிக் வாசலில் வந்து குந்தி, அந்த வைஃபையில் திருப்பூரிலும் துபாயிலும் இருக்கும் பிள்ளைகளோடு பேசுவார்கள். நோயாளிகளின் விவரம் வெளியே போய்விடும் என்று ஆஸ்பத்திரி நிர்வாகம் அதை நிறுத்தச் சொன்னது. "நிறுத்த வேண்டாம் சார், பிரிச்சு விடலாம்," என்று மூன்று கூட்டங்களில் பேசி அவள்தான் சம்மதம் வாங்கினாள். கிளினிக்குக்கு ஒரு ரவுட்டர், ஜனங்களுக்கு ஒரு ரவுட்டர்.

இப்போது மேஜையில் கிடந்த தாளை எடுத்து, தான் அனுப்பிய கட்டளைகளை விரல் வைத்துப் படித்தாள். ஆறாவது வரியில் விரல் நின்றது.

போன மாதம் சாலை பஜாரில் ஒரு அரிசி மொத்த வியாபாரிக்கு இதே வேலையைச் செய்திருந்தாள். அங்கே தெருவிலிருந்து இரண்டு லைன் வருகிறது. இரண்டு குடித்தனம், இரண்டு தெருவாசல். அந்தத் தாளைத்தான் பெயர்களை மட்டும் மாற்றி இங்கே எடுத்துக்கொண்டாள். புது ரவுட்டருக்கு ஒரு தெருவாசல் கொடு என்று ஆறாவது வரி சொல்கிறது. போனக்காட்டில் இருப்பதே ஒரு வாசல்தான். ஒரு வாசல் ஒரு ரவுட்டருக்குத்தான் சொந்தம். புதியவர் பெயருக்கு எழுதினால் பழையவரிடமிருந்து அது சத்தமில்லாமல் போய்விடும். 'நிச்சயமாகவா?' என்று பெட்டி கேட்காது.

அவள் கிளினிக்கின் வாசலை எடுத்து இன்னும் குடிவராதவர்களிடம் கொடுத்துவிட்டாள். கிளினிக் உள்ளே பூட்டப்பட்டுக் கிடந்தது. அவளும் அதே வாசல் வழியாகத்தான் இத்தனை நேரம் உள்ளே போய் வந்துகொண்டிருந்தாள்.

"சார், தப்பு என்னோடதுதான்," என்றாள். "லைன் போயிட்டு."

"அதுக்கென்ன, தானாத் திரும்பற ஏற்பாடு ஒண்ணு வச்சிருக்கேன்னு சொன்னியே."

வைத்திருந்தாள். புது மாற்றத்தை 'சரி' என்று அவள் உறுதி செய்யாவிட்டால், குறித்த நேரத்துக்குப் பிறகு பெட்டி தானாகவே பழைய நிலைக்குத் திரும்பிவிடும். எல்லாரும் பத்து நிமிஷம் வைப்பார்கள். போன முறை வேறோர் இடத்தில் அவள் பத்து வைத்து, சோதித்துக்கொண்டிருக்கும்போதே பெட்டி பழையபடி திரும்பிவிட்டது. ஆபீஸில் அதை வைத்து ஒரு வாரம் கேலி செய்தார்கள். அதனால் இந்த முறை ஜாக்கிரதையாக அறுபது வைத்தாள்.

"பன்னெண்டு நாலுக்குத் திரும்பிரும் சார்."

"அப்புறம் என்ன? ஒரு மணிக்கூரு. இன்னிக்கு புதன்தான. கன்சல்டிங் ஒண்ணும் இல்ல. ஒரு குஞ்ஞு கூட அறியாது. இன்னொரு டீ குடி."

அவர் வாய் மூடவில்லை, கதவு திறந்தது.

உள்ளே வந்தவர் டாக்டர் ஆதர்ஷ். நகரத்தின் பழைய கோட்டைக்குள் வீடு, நாஞ்சில் நாட்டிலிருந்து வந்து மூன்று தலைமுறையாக அங்கே இருக்கும் குடும்பம். வயது முப்பத்தைந்துக்குள். திறந்த லேப்டாப்பைத் தாம்பாளம் மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு மாடியிலிருந்து இறங்கி வந்திருந்தார்.

"போனக்காடு லைனை யாராவது தொட்டீங்களா?"

சுவாமிதாஸ் ஜெயஷீலாவைப் பார்த்தார். ஜெயஷீலா எழுந்து நின்றாள்.

"நான்தான் டாக்டர். ஒரு மாத்தம் செஞ்சேன். தப்பாயிட்டு."

"செரி. திருப்பிப் போடுங்க. எனக்கு இப்பவே வேணும்."

"இன்னிக்குக் கன்சல்டிங் உண்டுன்னு யாரும் சொல்லல்லியே சாரே," என்றார் சுவாமிதாஸ்.

"கன்சல்டிங் இல்ல. பாம்புக்கடி."

லேப்டாப்பை மேஜையில் வைத்தார். திரையில் படம் உறைந்து நின்றது. நர்ஸ் லீலாபாயின் முழங்கை. மேஜையில் ஒரு தாங்கி, அதில் ஒரு சின்னக் கண்ணாடிக் குழாய், குழாயில் ஒரு விரற்கடை ரத்தம். பின்னால் கட்டிலில் ஓர் ஆணின் கால், கணுக்கால் வரை வீங்கி எண்ணெய் பூசியது போல மின்னியது. கட்டில் ஓரத்தில் ஒரு பெண்ணின் பச்சைத் துப்பட்டா. சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று நாலு. படத்தின் நடுவில் ஒரு வெள்ளை வளையம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"வன்னியபெருமாள்னு ஒருத்தர், தோட்டத்துல தேயிலைச் செடி கவாத்து வெட்டறவர். பத்தரை மணிக்குக் கடிச்சிருக்கு. கண்ணாடி விரியன்னு அவர் பொண்ணு சொல்றா, அவ பாத்திருக்கா. சிஸ்டர் சரியா பதினொண்ணுக்கு ரத்தம் எடுத்து இந்தக் குழாய்ல வச்சிருக்காங்க. இருபது நிமிஷம் அசைக்காம வச்சுட்டு சரிச்சுப் பாக்கணும். உறைஞ்சிருந்தா விஷம் ஏறல, கூட இருந்து பாத்துட்டிருந்தாப் போதும். உறையாம ஓடிச்சுன்னா உடனே விஷமுறி மருந்து போடணும். பதினொண்ணு இருபதுக்கு நான் அதைப் பாக்கணும்."

"அவங்களே பாத்துப் போட மாட்டாங்களா?" என்று கேட்டாள் ஜெயஷீலா.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்த மருந்து சிலருக்கு ஒத்துக்காது. மூச்சு நின்னுரும். அதனால நான்தான் சொன்னேன், நான் கண்ணால பாத்து சொல்லாம ஒரு குப்பியைக் கூட உடைக்கக் கூடாதுன்னு. அழுத்திச் சொன்னேன். அந்தச் சிஸ்டர் சொன்னா சொன்னபடி நிக்கறவங்க. இப்ப எனக்கு அதான் பயம்."

மணி பதினொன்று பத்து.

"எத்தனை நிமிஷத்துல வரும்?"

ஜெயஷீலா கடிகாரத்தைப் பார்த்தாள். "ஐம்பத்து நாலு."

டாக்டர் கோபப்படவில்லை. கேட்டது சரியாகக் காதில் விழவில்லை என்பது போல அவளையே பார்த்தார். "செகண்டா?"

"நிமிஷம்."

"உங்களால வைக்க முடிஞ்ச நேரத்தை உங்களாலயே எடுக்க முடியாதா?"

"அதை எடுக்கணும்னா பெட்டிக்குள்ள போகணும் டாக்டர். போற வழியைத்தான் நான் அடைச்சிருக்கேன்."

மூவரும் லீலாபாயின் எண்ணை மாற்றி மாற்றி அழைத்தார்கள். தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு பெண் குரல் மலையாளத்தில் சொன்னது, பிறகு இங்கிலீஷில் சொன்னது. கிளினிக் ஜீப் டிரைவரின் எண்ணுக்கும் அதே குரல்.

"வேற ஒரு வழியும் இல்லியா மோளே? ஒண்ணுமே?" என்றார் சுவாமிதாஸ்.

ஒன்று இருந்தது. ஜெயஷீலாவுக்கு அது முதல் நிமிஷத்திலேயே தெரியும். இப்போதுதான் வாய்விட்டுச் சொன்னாள். புது மாற்றம் இன்னும் பெட்டியில் நிரந்தரமாகப் பதியவில்லை. யாராவது அதன் மின்சாரப் பிளக்கைப் பிடுங்கி மறுபடி செருகினால் போதும். பெட்டி பழைய நிலையிலேயே விழித்துக்கொள்ளும். மூன்றே நிமிஷம்.

"அட, அவ்வளவுதானா? அந்த சிஸ்டருக்கே தோணுமே. டிவி நின்னா நாம பிளக்கைப் பிடுங்கிக் குத்தறதில்லியா?"

"தோணும் சார். செய்ய மாட்டாங்க."

இரண்டு மாதம் முன்னால் இதே பெட்டி திடீரென்று செத்துப் போயிற்று. தம்பானூரிலிருந்து இரண்டரை மணி நேரம் வண்டி பிடித்து, கடைசி ஏழு கிலோமீட்டர் குலுங்கிக் குலுங்கி ஜெயஷீலா மேலே போய்ச் சேர்ந்தாள். பார்த்தால் பிளக் பிடுங்கிக் கிடக்கிறது. மூச்சுத் திணறிய ஒரு குழந்தைக்கு ஆவி மருந்து கொடுக்கும் மிஷினை அந்த இடத்தில் செருகியிருந்தார் லீலாபாய். அறையில் வேறு நல்ல பிளக் இல்லை. பெட்டி பாதி எழுத்தில் அணைந்து மொத்த அமைப்பும் அழிந்து போயிருந்தது. மறுபடி எழுதச் சாயங்காலமாகிவிட்டது. அந்த எரிச்சலில் ஜெயஷீலா, தன் தாயின் வயதுள்ள அந்த நர்ஸை, வரிசையில் நின்ற நோயாளிகளுக்கு முன்னாலேயே கேட்டாள்: "இது என்ன மிக்ஸியா சிஸ்டர், இஷ்டத்துக்குப் பிடுங்க?" அதோடு விடாமல் சிவப்பு மையில் தமிழிலும் மலையாளத்திலும் எழுதிப் பெட்டியின் நெற்றியில் ஒட்டினாள். எந்தக் காரணத்துக்காகவும் இந்தப் பிளக்கைத் தொடக் கூடாது. "எங்க, ஒரு தடவை சொல்லுங்க," என்று சொல்ல வைத்தாள். லீலாபாயும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிக் கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்: "எந்தக் காரணத்துக்காகவும் தொட மாட்டேன் மேடம்."

இதையும் அவள் டாக்டரிடம் சொன்னாள். டாக்டர் நாற்காலியை இழுத்து லேப்டாப்புக்கு முன்னால் உட்கார்ந்தார்.

சுவாமிதாஸ் தன் பழைய டயரியைப் புரட்டி, போகும் வழியில் உள்ள காட்டு செக்போஸ்டின் எண்ணைக் கண்டுபிடித்தார். எடுத்த காவலரிடம் மலையாளத்தில் விஷயத்தைச் சொல்லிவிட்டு, போனைப் பொத்திக்கொண்டு திரும்பினார்.

"ஒரு ஆள் இருக்கான், பைக்கும் இருக்கு. வழியில மரம் விழுந்து கிடக்காம். சுத்திப் போகணும். நாப்பது நிமிஷம் ஆகும்னு சொல்றார். போகச் சொல்லட்டா?"

"போகச் சொல்லுங்க," என்றார் டாக்டர். "பிளக்கைப் பிடுங்கறதெல்லாம் அப்புறம். போனதும் முதல்ல சிஸ்டர்கிட்ட, ரத்தம் ஓடிச்சுன்னா மருந்தைப் போடச் சொன்னேன்னு சொல்லச் சொல்லுங்க."

நாற்பது நிமிஷம். ஜெயஷீலா கணக்குப் போட்டாள். அவன் கிளினிக் படி ஏறும்போது பெட்டி தானே திரும்ப ஐந்து நிமிஷம் இருக்கும். ஆனாலும் அந்த ஐந்து நிமிஷத்துக்காக அவனைப் போகச் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு செய்ய எதுவும் இல்லை.

பதினொன்று இருபது ஆயிற்று. டாக்டர் விரலை நீட்டி, திரையில் இருந்த குழாயின் மேல் வைத்தார். சரிக்கப் போகிறவர் போல விரலைச் சற்றுச் சாய்த்தார். படத்தில் கடிகாரம் பதினொன்று நாலைக் காட்டியது. வெள்ளை வளையம் சுற்றியது.

"இப்ப சரிச்சிருப்பாங்க," என்றார்.

சன்னலுக்கு வெளியே பஸ் ஸ்டாண்டில் நாகர்கோவில் பஸ்ஸுக்கு ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒருவர் வாடகைக்காக ஆட்டோக்காரரோடு சண்டை போட்டார். ஜெயஷீலா விசைப்பலகையில் கையை வைத்துக்கொண்டு, 'இருக்கிறாயா' என்று பெட்டியைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். கேட்டுப் பிரயோஜனமில்லை என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்த அறையில் இல்லை. ஆனாலும் கையை எடுக்க முடியவில்லை.

"லைன் போச்சுன்னா சிஸ்டர் என்ன நினைப்பாங்க?" என்று கேட்டார் டாக்டர்.

"மழைன்னு நினைப்பாங்க," என்றார் சுவாமிதாஸ். "மேல மழை பேஞ்சா லைன் போகும், அஞ்சு நிமிஷத்துல வரும். நாள்தோறும் உள்ளதுதான். அதனால இப்ப வரும், இப்ப வரும்னு…"

முடிக்காமல் நிறுத்திக்கொண்டார். அந்தச் சமாதானம் எந்தப் பக்கம் போய் முடிகிறது என்று அவருக்கே புரிந்துவிட்டது.

பதினொன்று நாற்பது. டாக்டரை வார்டிலிருந்து இரண்டு முறை கூப்பிட்டார்கள். வேறு ஆளை அனுப்பச் சொன்னார். சுவாமிதாஸ் ஜெயஷீலாவின் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னார்: "ரிப்போர்ட்டுல மழைன்னே எழுதிரலாம் மோளே. யாரு போய்ப் பாக்கப் போறா? நிச்சயமா அங்க மழை பேஞ்சிருக்கும்."

"டாக்டர்கிட்ட சொல்லியாச்சே சார்."

"அவர் பேப்பர்ல எழுதிக் கேக்க மாட்டாரு."

அவள் மேஜையைப் பார்த்தாள். வேலை தொடங்குவதற்கு முன் அவள் பூர்த்தி செய்த படிவம் மேஜையிலேயே இருந்தது. 'இந்த நேரத்தில் பாதிக்கப்படக்கூடியவர்கள்' என்ற கட்டத்தில் 'எவரும் இல்லை' என்று தன் கையெழுத்திலேயே இருந்தது. ராத்திரியில் செய்தால், பெட்டி மக்கர் பண்ணும்போது அங்கே பார்க்க ஆள் இருக்காது என்று பகலைத் தேர்ந்தெடுத்ததும் அவள்தான். எல்லாவற்றையும் யோசித்துத்தான் செய்திருந்தாள்.

பன்னிரண்டு மணி. பைக்கில் போனவன் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். செக்போஸ்டுக்குப் போன் போட்டார்கள். அவனிடமிருந்து தகவல் எதுவும் இல்லையாம். எப்படி இருக்கும், அங்கேதான் சிக்னல் கிடையாதே.

பன்னிரண்டு நாலுக்குப் பெட்டி பதில் சொன்னது.

எந்த ஆரவாரமும் இல்லை. 'இருக்கிறேன்' என்று ஒரு வரி வந்தது. அடுத்த நொடி இன்னொரு வரி. பிறகு வரிசையாக வந்துகொண்டே இருந்தது, நடுவில் ஒன்றுமே நடக்காதது போல.

"வந்துட்டு," என்றாள்.

டாக்டர் கிளினிக்கை அழைத்தார். மணி அடித்தது, எடுப்பார் இல்லை. மறுபடி அழைத்தார். ஜெயஷீலா மருந்து ஃபிரிட்ஜுக்கு மேலே பொருத்தியிருந்த கேமராவைத் திறந்தாள். அறை தெரிந்தது. கட்டிலில் ஆள் இல்லை. நாற்காலி சாய்ந்து கிடந்தது. மேஜையில் அந்தக் கண்ணாடிக் குழாய் தாங்கியில் நேராக நின்றது. பக்கத்தில் சின்னச் சின்ன மருந்துக் குப்பிகள். டாக்டர் மூக்கு திரையில் படுமளவுக்குக் குனிந்து எண்ணினார்.

"ஏழு… ஒன்பது… பத்து. பத்தும் உடைச்சிருக்கு." பிறகு குழாயையே பார்த்தார். "இது உறைஞ்சிருக்கா, ஓடுதா? யாராவது கொஞ்சம் சரிச்சுக் காட்டினாத்தான்…"

சரிக்க அங்கே யாரும் இல்லை. படத்தின் ஓரத்தில் சாம்பல் நிறப் பெட்டி தன் சிவப்புச் சீட்டோடு பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. பிளக் இருந்த இடத்திலேயே இருந்தது.

பன்னிரண்டே காலுக்கு டாக்டரின் போன் அடித்தது. சிக்னல் கிடைக்கும் அந்த வளைவிலிருந்து லீலாபாய். டாக்டர் போனை எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தார். ஜீப் இரைச்சலுக்கு நடுவே குரல் வந்தது.

"சார், மன்னிக்கணும் சார். நான் கேக்காமப் போட்டுட்டேன்."

"உறையலையா சிஸ்டர்?"

"இல்ல சார். தண்ணியா ஓடிச்சு. கீழ போய்க் கூப்பிட ஜீப்பும் அப்ப இல்ல, நீங்க இப்ப வருவீங்க, இப்ப வருவீங்கன்னு பாத்துட்டே இருந்தேன். பதினொண்ணு அம்பதுக்குப் பல் ஈறுல ரத்தம் வந்துட்டு. அதுக்கு மேல என்னால பாத்துட்டு இருக்க முடியல்ல சார். யேசுவேன்னு சொல்லிப் போட்டுட்டேன். மருந்து ஒத்துக்கிட்டு. டிரிப் பாட்டிலைப் பிடிச்சுக்கிட்டு ஜீப்புல வந்திட்டிருக்கேன். வழியில பைக்குல வந்த ஒருத்தன் நிறுத்தி, நீங்க போடச் சொன்னதா சொன்னான். அப்பத்தான் உயிர் வந்துது."

"நல்ல காரியம் செஞ்சீங்க. நேரா இங்க கொண்டு வாங்க."

"செரி சார். அந்த லைன் மேடம் அங்க உண்டா?"

ஜெயஷீலா போனுக்குப் பக்கத்தில் வந்தாள்.

"உண்டு, சொல்லுங்க," என்றார் டாக்டர்.

"பெட்டியை நான் தொடல்லன்னு சொல்லுங்க சார். இந்தப் பொண்ணு, பிளக்கைப் பிடுங்கிக் குத்திப் பாக்கலாம் சிஸ்டர்னு ரெண்டு மூணு தடவை சொன்னா. நான் விடல்ல. அது கெட்டுப் போனா நாளைக்கு நாலு பேருக்குக் கஷ்டம்னு சொல்லிட்டேன்."

டாக்டர் போனை வைத்தார். பதினொன்று இருபதிலிருந்து பதினொன்று ஐம்பது, மருந்து அரை மணி நேரம் தாமதம். டாக்டர் வாயைத் திறந்து அந்தக் கணக்கைச் சொல்லவில்லை. லேப்டாப்பை மூடிக்கொண்டு, ஐசியூவில் படுக்கை தயார் செய்யக் கிளம்பினார்.

ஜெயஷீலா ஆபீஸுக்குத் திரும்பவில்லை. இரண்டரை மணிக்கு ஜீப் வந்தபோது அவசரப் பிரிவு வாசலில் நின்றாள். வன்னியபெருமாளை இறக்கினார்கள். கறுத்து மெலிந்த மனிதர், நாற்பத்தைந்து வயதிருக்கும். உதட்டோரம் ரத்தம் உலர்ந்திருந்தது. கால் தொடை வரைக்கும் வீங்கிவிட்டது. பாட்டிலை உயர்த்திப் பிடித்தபடி கூடவே ஓடிய லீலாபாயின் கை, இறக்கச் சொன்ன பிறகும் கீழே இறங்கவில்லை. இன்னொரு நர்ஸ் பாட்டிலை வாங்கிக்கொண்டார்.

ஒரு மணி நேரம் கழித்து டாக்டர் வெளியே வந்தார். ரத்தக் கசிவு நின்றுவிட்டது என்றார். சிறுநீரகத்தைத்தான் பார்க்க வேண்டும். விஷம் அங்கே போய் உட்கார்ந்திருக்கிறதா இல்லையா என்பது நாளைக்குத்தான் தெரியும். மருந்து முன்னாலேயே போயிருந்தால் என்று ஆரம்பித்தவர், ஜெயஷீலாவைப் பார்த்துவிட்டு, "நாளைக்குப் பாப்போம்," என்று முடித்துக்கொண்டார்.

பச்சைத் துப்பட்டாக்காரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். வன்னியபெருமாளின் மகள், பெயர் பகவதி, இருபது வயது. விதுரா பக்கம் ஒரு துணிக்கடையில் வேலை. அன்றைக்கு லீவு போட்டு அப்பாவுக்குக் கஞ்சி கொண்டு போயிருக்கிறாள். மடியில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் கவாத்துக் கத்தியும், அப்பாவின் ஒற்றைச் செருப்பும்.

லீலாபாய்தான் அறிமுகம் செய்தார். "பகவதி, இவங்கதான் நம்ம லைன் பாக்குற மேடம்." சொல்லிவிட்டு முகம் கழுவப் போனார்.

பகவதி சட்டென்று எழுந்து ஜெயஷீலாவின் கையைப் பிடித்தாள். "அக்கா, நீங்களும் கீழ இருந்து என்ன பாடு பட்டீங்களோ. சிஸ்டர் வழியெல்லாம் சொல்லிட்டே வந்தாங்க, அந்த மேடம் எப்படியும் சரி பண்ணிருவாங்கன்னு."

"பகவதி, உக்காரு," என்றாள் ஜெயஷீலா. தானும் உட்கார்ந்தாள். "அந்த லைன் தானாப் போகல. நான்தான் நிறுத்திட்டேன். ஒரு வேலை செய்யும்போது தப்பு நடந்துட்டு. என் தப்பு."

பகவதி அவள் முகத்தைப் பார்த்தாள். கையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"அப்படியெல்லாம் மனசுல எடுத்துக்காதீங்க அக்கா. அது மழை. எங்க மலை லைன் எனக்குத் தெரியாதா? ஒரு மேகம் வந்தாப் போதும், போயிரும். நீங்க இங்க உக்காந்துக்கிட்டு எப்படி நிறுத்த முடியும்?"

"முடியும் பகவதி."

"சரி, எப்ப வந்துது?"

"பன்னெண்டு நாலுக்கு."

"நீங்க சரி பண்ணித்தான வந்துது?"

"இல்ல. தானா வந்துது."

"பாத்தீங்களா," என்றாள் பகவதி, வாதத்தில் ஜெயித்தவள் போல. "தானா வந்ததுன்னா தானாத்தான் போயிருக்கும்."

உள்ளே இருந்து அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். கையெழுத்துப் போட வேண்டுமாம். "இதைக் கொஞ்சம் வச்சுக்கோங்க அக்கா," என்று பையை ஜெயஷீலாவின் மடியில் வைத்துவிட்டு ஓடினாள்.

கத்தி குத்தாமல் இருக்க, ஜெயஷீலா பையைச் சற்றுத் திருப்பி வைத்துக்கொண்டாள். எதிர்ச் சுவரில் கடிகாரம் நாலாகப் பத்து நிமிஷம் காட்டியது. நாளைக்குத் தெரியும் என்றார் டாக்டர். நாளைக்கு எத்தனை மணிக்கு என்று சொல்லவில்லை. பகவதி வரும்வரை பையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.